மகாராணியின் எடை

ஒரு பிள்ளைக்கு எடை பார்க்க என்ன வேண்டும்? ஒரு தராசு வேண்டும், ஒரு பிள்ளை வேண்டும். இரண்டும் ஒரே கூரையின் கீழ் இருந்தும் அந்தக் குழந்தைகள் மருத்துவமனையில் அது நடக்கவில்லை என்று சொன்னால் கேட்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும். மகாராணியின் அம்மாவுக்கும் முதலில் சிரிப்புதான் வந்தது. கோபம் வருவதற்கு அவளுக்குக் கொஞ்சம் நாள் பிடித்தது.

மகாராணி என்பது தாய்மாமன் வைத்த பட்டம். பதினொரு வயதுப் பெண். பிறக்கும்போதே மூளையில் அடிபட்டதால் கையும் காலும் சொன்ன பேச்சைக் கேட்காது. வாயில் வார்த்தை வராது. ஆனால் சக்கர நாற்காலியில் சாய்ந்துகொண்டு கண்ணாலேயே வீட்டை வேலை வாங்குவாள். கண் ஜன்னல் பக்கம் போனால் ஜன்னலைத் திறக்க வேண்டும். கண்ணை இறுக மூடிக்கொண்டால் சாப்பாடு பிடிக்கவில்லை, வேறு கொண்டு வா என்று அர்த்தம். யாராவது தும்மினாலோ பாத்திரம் விழுந்தாலோ ஒரு சிரிப்பு சிரிப்பாள் பாருங்கள், நாற்காலி ஆடும், விக்கல் வரும், எதிர்வீட்டு ஜன்னல் திறக்கும். அந்தச் சிரிப்புக்காகவே மாமன்காரன் வேண்டுமென்றே தட்டைக் கீழே போடுவான்.

மருத்துவமனையில் எடை அறை என்பது பெயருக்குத்தான் அறை. நடைபாதை மூலையில் ஒரு திரையை இழுத்துவிட்டு, ஏறி நிற்கிற தராசு ஒன்றை வைத்திருந்தார்கள். நிற்க முடியாத பிள்ளை என்றால் அம்மா தூக்கிக்கொண்டு ஏற வேண்டும். வருகிற எண்ணிலிருந்து அம்மாவைக் கழித்தால் மிச்சம் பிள்ளை. சின்ன வயதில் இது சரியாகத்தான் இருந்தது. மகாராணி வளர்ந்தாள், அம்மாவின் இடுப்பு வளரவில்லை. ஒருநாள் தராசில் கால் வைக்கும்போதே இடுப்பு பிடித்துக்கொண்டு, மகளோடு சேர்ந்து சுவரில் சாய்ந்துவிட்டாள். மூத்த நர்ஸ் ஓடி வந்து தாங்கிப் பிடித்தார்.

"வேணாம்மா, விடு. உன் இடுப்பு போச்சுன்னா இந்தப் பிள்ளைய யாரு பாப்பா? போன தடவை எடையவே போட்டுக்கறேன்."

அந்த நர்ஸ் தங்கமான மனுஷி. அன்றைக்கு அவர் காட்டிய இரக்கத்தில் அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. அதற்குப் பிறகு ஒவ்வொரு முறையும் திரைக்கு வெளியிலிருந்தே அவர் கேட்பார், "அதேதானேம்மா?" இவளும் நன்றியோடு தலையாட்டுவாள், "அதேதான் சிஸ்டர்." யாரும் யாருக்கும் கெடுதல் நினைக்கவில்லை. இரண்டு நல்ல மனுஷிகள் சேர்ந்து ஒரு பிள்ளையை இருபத்திரண்டு கிலோவிலேயே நிறுத்தி வைத்திருந்தார்கள்.

அப்படி இருக்கையில்தான் நின்றுபோயிருந்த வலிப்பு திரும்பி வந்தது. காலையில் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது உடம்பு விறைத்து, கண் மேலே சொருகிக்கொள்ளும். முதலில் எப்போதாவது வந்தது, பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள். நரம்பு டாக்டர் இளம் பெண். குறை சொல்ல முடியாது, பிள்ளையின் முகத்தைப் பார்த்துத்தான் பேசுவார். அவர் கம்ப்யூட்டர் திரையைப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"எடைக்குத் தகுந்த மருந்து முழுசா போகுதும்மா. அப்படியும் வலிப்பு வருதுன்னா இது மட்டும் போதலைன்னு அர்த்தம். இன்னொரு மருந்தையும் சேர்த்துடலாம்."

அந்த மருந்தின் பெயர் இவளுக்குப் பழக்கமானது. இந்த ஊருக்கு வருவதற்கு முன்னால் அதைக் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். அந்த மருந்து வலிப்பை நிறுத்தியது, கூடவே மகாராணியையும் நிறுத்தியது. தலை தொங்கிப்போய், வாயில் நீர் ஒழுக, பகலெல்லாம் தூங்கிக் கிடந்தாள். ஒருநாள் சமையலறையில் ஒரு பெரிய பாத்திரம் தடால் என்று விழுந்தது. பிள்ளை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வலிப்பு வந்த நாட்களில்கூட அழாத அம்மா அன்றைக்கு அடுப்படியில் உட்கார்ந்து அழுதாள். வேறு வழியே இல்லையென்றால் அந்த மருந்தைக் கொடுத்துத்தான் ஆக வேண்டும், அது அவளுக்கும் தெரியும். வேறு வழி இருக்கிறதா என்று பார்க்காமலே கொடுப்பதைத்தான் அவளால் தாங்க முடியாது.

டாக்டர் சொன்ன 'எடைக்குத் தகுந்த' என்ற வார்த்தை அவள் காதிலேயே நின்றது. குனிந்து மகளைப் பார்த்தாள். நாற்காலியின் பெல்ட் கடைசி ஓட்டைக்கு வந்திருந்தது.

"டாக்டர், அந்த எடை சரியில்ல."

"சரியில்லன்னா?"

"ரொம்ப நாளா யாருமே பாக்கல. அந்தத் தராசுல என்னால இவள தூக்கிட்டு ஏற முடியல. போன தடவை எடை, அதுக்கு முந்தின தடவை எடைன்னு அதே ஓடிட்டிருக்கு."

டாக்டர் பக்கத்தில் நின்றிருந்த மூத்த நர்ஸைப் பார்த்தார். நர்ஸ் தரையைப் பார்த்தார்.

"சிஸ்டர் மேல தப்பு இல்ல. கேக்கும்போதெல்லாம் நானும்தான் தலையாட்டினேன்" என்றாள் இவள்.

டாக்டர் அப்போதே எழுந்து வந்தார். வாட்டசாட்டமான ஊழியர் ஒருவரைக் கூப்பிட்டு, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தராசில் ஏறச் சொன்னார். மனுஷன் தூக்கியதும் மகாராணியின் உடம்பு பயத்தில் வில்லாக வளைந்தது. கை ஒரு பக்கம் வீச, கால் ஒரு பக்கம் உதைக்க, தராசில் எண் தாறுமாறாக ஓடியது. கண் மேலே சொருக ஆரம்பித்ததும் டாக்டரே பதறிப்போய், "இறக்குங்க, இறக்குங்க" என்றார்.

பிள்ளை பழைய நிலைக்கு வந்த பிறகு அவர் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"நாற்காலியோட நிறுக்கற தராசு ஒண்ணு வேணும்னு கேட்டு வருஷக்கணக்காச்சும்மா. கண்ணளவுல மருந்தைக் கூட்ட முடியாது, கூடிப் போனாலும் ஆபத்து. இந்த ஆஸ்பத்திரி தராசுல, நம்ம நர்ஸ் பாத்து எழுதின எடை எனக்கு வேணும். அது இருந்தா இந்த மருந்தையே கூட்டிப் பாப்பேன், ரெண்டாவது தேவைப்படாமலேகூடப் போகலாம். ஆனா வலிப்ப இப்படியே விட்டுவைக்க முடியாது. அடுத்த வாரம் வாங்க. அதுக்குள்ள எடை கிடைக்கலன்னா புது மருந்த ஆரம்பிச்சே ஆகணும்."

அடுத்த வாரம். வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் அவளுக்கு அந்த ஒரு வார்த்தைதான் மண்டைக்குள் ஓடியது.

மகாராணிக்குப் பட்டம் வைத்த அந்த மாமன், அவளுடைய தம்பி, வைத்திருப்பது பழைய இரும்புக் கடை. ஓட்டை சைக்கிள், துருப்பிடித்த குழாய், உயிர் போன மோட்டார் எல்லாம் மலையாகக் கிடக்கும். நடுவில் தரையோடு தரையாக ஒரு பெரிய தராசு. விஷயத்தைக் கேட்டதும் அவன் எழுந்து துடைப்பத்தை எடுத்தான்.

"அக்கா, தள்ளிட்டு வா இப்படி."

"டேய், பழைய இரும்பு நிறுக்கற தராசுலயாடா?"

"அது இரும்பா மனுஷனான்னு தராசு கேக்காதுக்கா. என் மருமக தங்கம், தங்கம் இரும்புக் கடையில ஏறக் கூடாதுன்னு எங்கயாவது எழுதியிருக்கா?"

மகாராணியை நாற்காலியோடு தள்ளி ஏற்றினார்கள். தூக்கவில்லை, துள்ளவில்லை. எண் வந்து நின்றது. பிறகு அவளைப் பெஞ்சில் படுக்க வைத்து, வெறும் நாற்காலியை நிறுத்தார்கள். கழித்துப் பார்த்தால் முப்பத்தொரு கிலோ.

தம்பி இன்னொரு தடவை நிறுத்தான். அதே முப்பத்தொன்று. "யம்மாடி" என்றான், அவ்வளவுதான். முப்பத்தொரு கிலோ பிள்ளைக்கு இருபத்திரண்டு கிலோ பிள்ளையின் மருந்து. வலிப்பு வராமல் என்ன செய்யும்?

மறுநாள் வேலையிடத்திலிருந்து மருத்துவமனை அலுவலகத்துக்குப் போன் போட்டாள். அவளுடைய வேலையே போன்தான். வாடகைக் கார் கம்பெனி ஒன்றில் வண்டி கேட்டு அழைப்பவர்களுக்குப் பதில் சொல்கிறவள். வண்டி வரவில்லை என்று ஆட்கள் கத்தும்போது, குரலில் தேனைத் தடவிக்கொண்டு, "இதோ வந்துகிட்டே இருக்கு சார், பக்கத்துத் தெருவுலதான் இருக்கு" என்பாள். வண்டி அப்போது எங்கே நிற்கும் என்று அவளுக்குத்தான் தெரியும். டிரைவர் டீ குடித்துக்கொண்டிருப்பார்.

மருத்துவமனை நிர்வாக அதிகாரி போனில் சொன்னார், "தராசு விஷயம் பரிசீலனையில இருக்கும்மா." இரண்டு நாள் கழித்து மறுபடி கேட்டாள். "தீவிரப் பரிசீலனையில இருக்கு." அந்தக் குரல் அவளுக்கு நன்றாகத் தெரிந்த குரல். சம்பளம் வாங்கிக்கொண்டு தினமும் அவள் பேசுகிற குரல்தான் அது. தம்பியிடம் சொன்னபோது அவன் அவருக்குப் 'பரிசீலனை' என்றே பெயர் வைத்துவிட்டான்.

சொன்ன வாரம் வந்தது. டாக்டரைப் பார்ப்பதற்கு முன்னால் நேராக அதிகாரியின் அறைக்கே மகளைத் தள்ளிக்கொண்டு போனாள். அவருக்கு நல்ல சட்டை, நல்ல சிரிப்பு. உட்காரச் சொன்னார், தண்ணீர் வேண்டுமா என்றார். இரும்புக் கடைக் கதையை முழுசாகக் கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினார்.

"கடைத் தராசெல்லாம் ஏத்துக்க முடியாதும்மா. நம்ம ஆஸ்பத்திரி உபகரணமா இருக்கணும், வருஷா வருஷம் சரிபாத்து முத்திரை குத்தினதா இருக்கணும். நாளைக்கே ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது?"

"இல்லாத எடைக்கு மருந்து குடுத்தீங்களே, அதுக்கு யாரு சார் பதில் சொல்றது?"

"கோபப்படாதீங்க. புது தராசு பரிசீலனை..."

"சார், யாருக்குக் காது குத்தறீங்க? நான் டாக்ஸி கம்பெனியில போன் எடுக்கறவ. வந்துகிட்டே இருக்குன்னு சொன்னா வண்டி கிளம்பவே இல்லன்னு அர்த்தம். உங்க வண்டி கிளம்பவே இல்ல, அப்படித்தானே?"

அவர் சிரிப்பை மென்று விழுங்கினார். "உங்க கஷ்டம் எனக்குப் புரியுது" என்றார். கதவைத் திறந்துவிட்டார். மரியாதையாக வெளியே அனுப்புவதில் அவர் கெட்டிக்காரர்.

மகாராணியின் நாற்காலி அகலம். முன்பக்கத்து லிப்ட்டில் நுழையாது. ஆரம்பத்திலிருந்தே அவர்களுக்குப் பின்பக்கத்துச் சாமான் லிப்ட்தான் கதி. அதில் ஏறிக் கீழ்த்தளத்தில் இறங்கி, வெளிக்காற்றில் கொஞ்சம் நின்றுவிட்டு டாக்டரிடம் போகலாம் என்று வந்தாள். லிப்ட்டுக்கு எதிரே சலவைக்குப் போகிற துணிகளைச் சேர்க்கிற அறை. எத்தனையோ வருஷமாக மூக்கைப் பொத்திக்கொண்டு அதைத் தாண்டிப் போயிருக்கிறாள், உள்ளே பார்த்ததில்லை. அன்றைக்கு ஒரு துணி வண்டி வழியை மறித்ததால் நிற்க வேண்டியதாயிற்று.

சலவை அறைக்காரர் அந்த வண்டியை, அழுக்கு விரிப்புகள் பிதுங்கி வழிய, ஒரு இரும்புத் தகட்டின் மேல் தள்ளினார். தகடு தரையோடு தரையாக இருந்தது. சுவரில் சிவப்பாக எண் எரிந்தது.

"அண்ணே, அது என்ன?"

"தராசும்மா. சலவை வெளிய குடுக்கறாங்கல்ல, எடை போட்டுத்தான் போகும், எடை போட்டுத்தான் வரும். ஒரு தலையணை உறை குறைஞ்சாலும் மேல இருந்து பிடிச்சு ஏறிடுவாங்க."

"வண்டியோடயா நிறுப்பீங்க?"

"வெறும் வண்டிய ஒரு தடவ ஏத்தி இந்த பட்டன அமுக்கிட்டா அது கழிச்சுக்கும்."

"முத்திரை குத்தினதா?"

அவர் பெருமையாகச் சுவரைக் காட்டினார். "வருஷா வருஷம் ஆள் வந்து பாத்து ஒட்டிட்டுப் போறாங்களே. ஆஸ்பத்திரி சொத்தும்மா, சும்மாவா?"

அவள் அப்படியே நின்றாள். முதலில் சிரிப்பு வந்தது, அதன் பின்னாலேயே கோபம் வந்தது. இந்தக் கட்டடத்தில் அழுக்குத் துணிக்குக் கிராம் சுத்தமாக எடை இருக்கிறது. இவள் பெற்ற பிள்ளைக்குத்தான் இல்லை. ஒரு தலையணை உறை குறைந்தால் கேட்க ஆள் இருக்கிறது, ஒன்பது கிலோ பிள்ளை காணாமல் போனபோது ஒருத்தரும் கேட்கவில்லை.

"அண்ணே, அந்தத் தகட்டைக் கொஞ்சம் கழுவித் துடைச்சு வைக்கறீங்களா? இதோ வந்துடறேன்" என்றாள். டாக்ஸி கம்பெனி 'இதோ' இல்லை இது. லிப்ட் கதவு மூடும்போதே அவர் வாளியை எடுத்துவிட்டார்.

மேலே நடைபாதையில் வழக்கமான கூட்டம். சக்கர நாற்காலிகள், மடியில் நீளமாகக் கிடக்கிற பிள்ளைகள், மருந்துப் பையைத் தலைக்கு வைத்துத் தூங்குகிற அப்பாக்கள். ஒவ்வொரு முகமும் அவளுக்குப் பழக்கம். இத்தனை வருஷத்தில் இடம் கிடைத்ததா, நம்பர் வந்ததா என்பதைத் தவிர வேறு ஒன்றும் பேசிக்கொண்டதில்லை. அவள் நடுவில் நின்று, போனில் ஒருநாளும் பயன்படுத்தாத தன் சொந்தக் குரலில் கேட்டாள்.

"இங்க எத்தனை பிள்ளைங்களுக்குப் போன தடவை எடையவே போட்டிருக்கு?"

எடை அறைத் திரைக்குப் பக்கத்தில் இருந்த ஒரு அப்பா மெதுவாகக் கையைத் தூக்கினார். பிறகு அவருக்குப் பின்னால் ஒரு அம்மா. பிறகு வரிசை வரிசையாகக் கைகள் எழுந்தன. சிலர் தங்கள் பிள்ளையின் கையையும் சேர்த்துத் தூக்கினார்கள்.

"கீழ நாற்காலியோட நிறுக்கற தராசு இருக்கு. ஆஸ்பத்திரியோடதுதான், முத்திரை குத்தினது. வர்றவங்க வாங்க."

திரைக்கு வெளியே மூத்த நர்ஸ் நின்றிருந்தார். முகம் வெளுத்திருந்தது. இவள் அவரிடம் போனாள்.

"நீங்க பாத்து எழுதினாத்தான் செல்லும் சிஸ்டர். டாக்டர் அப்படித்தான் சொன்னாங்க."

"என்ன தராசும்மா?"

"சலவைத் துணி நிறுக்கறது."

ஓய்வு பெறுவதற்கு நர்ஸுக்கு அதிக நாள் இல்லை. இத்தனை வருஷம் யாரிடமும் ஒரு சொல் வாங்காமல் வேலை பார்த்தவர். பையிலிருந்து பேனாவை எடுத்தார், அது எழுதுகிறதா என்று உள்ளங்கையில் கிறுக்கிப் பார்த்தார். "என் கண்ணால பாக்காம இனிமே ஒரு எண்கூட எழுத மாட்டேன்" என்று சொல்லிவிட்டு, லிப்ட்டை நோக்கி எல்லாருக்கும் முன்னால் நடந்தார்.

சாமான் லிப்ட் மேலேயும் கீழேயுமாகப் போய் வந்தது. கீழ்த்தளத்து நடைபாதை நிறைந்துவிட்டது. சலவை அறைக்காரர் தகட்டைத் தேய்த்துக் கழுவி, அதன் மேல் வெள்ளை வெளேர் என்று ஒரு புதுவிரிப்பையே விரித்து வைத்திருந்தார். நர்ஸும் அம்மாவுமாக மகாராணியை மடித்து அடுக்கிய துணி மெத்தையில் படுக்க வைத்ததும், அவர் வெறும் நாற்காலியை ஏற்றிப் பட்டனை அமுக்கினார். எண் சுழியத்துக்கு வந்தது.

அந்த நேரத்தில்தான் நிர்வாக அதிகாரி படியில் இறங்கி ஓடி வந்தார். பின்னாலேயே டாக்டரும் வந்தார்.

"என்னம்மா இது? நிறுத்துங்க! இது அழுக்குத் துணிக்கு வச்சிருக்கற தராசு!"

"தெரியும் சார். அழுக்குத் துணிக்குக் கிடைக்கற மரியாதை எங்க பிள்ளைங்களுக்கும் கிடைக்கட்டும்னுதான் வந்திருக்கோம்."

"பிள்ளைங்களுக்குன்னு தனியா முறையா..."

"ஆஸ்பத்திரி உபகரணமா இருக்கணும்னீங்க, இருக்கு. முத்திரை வேணும்னீங்க, சுவத்துல ஒட்டியிருக்கு. நர்ஸ் எழுதணும்னு டாக்டர் சொன்னாங்க, பேனாவோட நிக்கறாங்க. இன்னும் என்ன சார் பரிசீலனை?"

அதிகாரி நர்ஸைப் பார்த்து, "நீங்களுமா?" என்றார். "எடை எழுதறது என் வேலை சார்" என்றார் நர்ஸ். அதிகாரி டாக்டரைப் பார்த்தார். டாக்டர் கையைக் கட்டிக்கொண்டு சுவரில் சாய்ந்து நின்றார். "தொற்று வராம துடைச்சிருக்காங்களான்னு மட்டும் நான் பாத்துக்கறேன். நல்லாத் துடைச்சிருக்காங்க" என்றார்.

"எல்லாரும் மேல போங்க, புதுத் தராசு சீக்கிரமே வந்துடும்" என்று அதிகாரி கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார்.

"வரட்டும் சார். வந்த அன்னிக்கு நாங்க மேல போறோம். அதுவரைக்கும் எங்க எடை அறை இதுதான்" என்றாள் இவள். பின்னாலிருந்து, "ஆமா, இதுதான்" என்று ஒரு குரல் வந்தது. அப்புறம் பல குரல்கள். நாற்காலிகளின் பிரேக்குகள் டக் டக் என்று விழுகிற சத்தம் நடைபாதைக் கடைசிவரை கேட்டது.

அதிகாரி போகவும் இல்லை, தடுக்கவும் இல்லை. துணி வண்டிகளுக்கு நடுவில் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

நர்ஸும் அம்மாவுமாக மகாராணியை நாற்காலியில் உட்கார வைத்து, பெல்ட்டைப் போட்டு, மெதுவாகத் தகட்டின் மேல் தள்ளினார்கள். பிள்ளை புது இடத்தைச் சுற்றிப் பார்த்தாள். இத்தனை ஆட்கள், இத்தனை கண்கள். பயந்து விறைத்துக்கொண்டால் எல்லாம் வீண், இன்று சாயங்காலமே அந்த மருந்து வீட்டுக்கு வந்துவிடும். சிவப்பு எண்கள் ஓட ஆரம்பித்தன. எல்லாரும் சுவரைப் பார்த்தார்கள்.

அப்போது, இவ்வளவு நேரம் சோப்புத் தூளோடு மல்லுக்கட்டியிருந்த சலவை அறைக்காரர் ஒரு தும்மல் போட்டார். சாதாரணத் தும்மல் இல்லை. அறையே அதிர்ந்தது, அடுக்கி வைத்த தலையணை உறைகள் சரிந்தன, நிர்வாக அதிகாரி ஒரு அடி பின்னால் போனார்.

மகாராணி சிரித்தாள். தலையைப் பின்னால் சாய்த்து, வாயைத் திறந்து, நாற்காலி கிடுகிடுக்கச் சிரித்தாள். வரிசையில் இன்னொரு பிள்ளைக்கும் அது தொற்றிக்கொண்டது. சுவரில் எண் முப்பதுக்கும் முப்பத்திரண்டுக்கும் நடுவில் குதித்துக்கொண்டே இருந்தது.

நர்ஸ் பேனாவைப் பிடித்தபடி காத்திருந்தார். "நிக்க மாட்டேங்குதும்மா. பாப்பாவ கொஞ்சம் சிரிக்காம இருக்கச் சொல்லேன்."

"அது மட்டும் முடியாது சிஸ்டர்" என்றாள் அம்மா. கண்ணில் வழிந்ததைத் துடைக்கக்கூட அவள் கையை எடுக்கவில்லை. "இந்தச் சிரிப்புக்காகத்தான் இத்தனை சண்டையும். அவ சிரிச்சு முடிக்கட்டும். நீங்க நில்லுங்க, நாங்க நிக்கறோம், அந்த சாரும் நிக்கட்டும்."